ரத்த வெள்ளையணுக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் சாகின்றனவா?

இல்லவே இல்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சோம்பல். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், காலையில் ரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோபில் என்ற வகை வெள்ளையணுக்களை ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுநாள் சாயமேற்றிப் பார்த்தால், பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தன. மூன்று நான்கு மடல்களாக இருக்க வேண்டிய உட்கரு, மிளகு போல ஒரே கரும்புள்ளியாகத் திரண்டிருந்தது. அதே ரத்தத்தின் இன்னொரு வகை வெள்ளையணுக்களான லிம்போசைட்டுகளோ பெரும்பாலும் நலமாகவே இருந்தன.

செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் தடுக்கச் சில காவல் புரதங்கள் உண்டு. ஓய்வில் இருக்கும் லிம்போசைட்டிடம் பிசிஎல்-2 என்ற நிலையான காவலன் இருக்கிறது. முதிர்ந்த நியூட்ரோபிலிடம் அது ஏறக்குறைய இல்லை. எம்சிஎல்-1 என்ற புரதத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதுவோ சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். புதிதாக உருவாவது குறைந்தால் கதை முடிந்தது. உடலும் அப்படித்தான் விரும்புகிறது. நியூட்ரோபிலின் வயிற்றில் இருப்பவை திசுவையே கரைக்கும் நொதிகள். அது வெடித்துச் சிதறாமல் அடக்கமாகச் செத்தால், மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல் அப்படியே விழுங்கிவிடும். தினமும் சுமார் 10,000 கோடி புதிதாகப் பிறப்பதால் நஷ்டமும் இல்லை. விழுங்கும் மேக்ரோபேஜோ திசுக்களில் மாதக்கணக்கில் வாழக்கூடிய கெட்டி ஆள்.

அதற்காக லிம்போசைட் எல்லாம் சிரஞ்சீவி என்று எண்ண வேண்டாம். மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல் என்ற லிம்போசைட் வகையின் இளம் செல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. நிணநீர்க் கணுவில், நல்ல எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும் பி செல்கள் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டுகளும் பிசிஎல்-2வைக் குறைத்துக்கொண்டுதான் களமிறங்குகின்றன, தோற்றால் சாவு. 14, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு அந்தக் காவலன் ஓயாமல் உற்பத்தியானால், சாக வேண்டிய செல் சாகாது. ஃபாலிகுலர் லிம்போமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். பிசிஎல்-2வையே குறிவைக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மருந்து 2016இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

எனக்கு இன்றும் வியப்பளிப்பது ஸ்டீராய்டுதான். தைமஸ் செல்லையும் இயோசினோபில் என்ற வெள்ளையணுவையும் சாகத் தூண்டும் அதே மருந்து, நியூட்ரோபிலின் ஆயுளை நீட்டுகிறது! ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த என் மாமா, ‘லிம்போசைட் குறைந்துவிட்டதே, எல்லாம் செத்துவிட்டதா?’ என்று ரத்த அறிக்கையை நீட்டினார். பெரும்பாலும் அவை சாகவில்லை, ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.