பொருள் அப்புறம், ஓசை முதலில்: கவிதை கற்பிப்பது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாட்டின் பொருளையும் விளக்க வேண்டுமா?

அவர்களாகக் கேட்டால் மட்டும் விளக்குங்கள். பாரதியின் ‘ஓடி விளையாடு பாப்பா’வில் ‘ஓடி’யும் ‘கூடி’யும் ஒத்துப்போவதைக் காது தானே பிடித்துக்கொள்ளும். எதுகை என்ற பெயர் பின்னால் வரட்டும். நாலைந்து தடவை பாடிய பிறகு, அடி தொடங்கும் சொல்லை மட்டும் விட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள். வகுப்பே அதைக் கத்திச் சொல்லும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். சங்கப் பாடல் என்றதுமே பிள்ளைகள் ‘நோட்ஸ் கொடுங்க மிஸ்’ என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

உரையைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

நிதானமாக இரண்டு முறை வாசித்துவிட்டு, ‘எது மாறியது, எது மாறவில்லை?’ என்று கேளுங்கள். ‘அற்றை’ ‘இற்றை’ ஆனதை உடனே சொல்லிவிடுவார்கள். நிலா அதே நிலாதான் என்பதையும் யாராவது கவனிப்பார்கள். வரிசை புரண்டதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும். முதல் பாதியில் தந்தை முன்னால், குன்று பின்னால். இரண்டாம் பாதியில் குன்று முன்னால் போய்விட, தந்தை கடைசிக்கு வருகிறார். பாட்டின் இறுதிச் சொல் ‘இலமே’. அழுகை, துயரம் என்று ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை. சத்தம் என்று இருப்பது வென்றவர்களின் முரசு மட்டும்தான்.

இவ்வளவும் பேசிய பிறகு பறம்பு மலை முற்றுகையையும் பாரி இறந்ததையும் சொல்லுங்கள். கதையை முதலிலேயே சொன்னால் பாட்டு அதற்கு ஆதாரமாக மட்டும் நின்றுவிடும். மறுநாள் அன்று, இன்று என்று நான்கு அடி எழுதச் சொல்லுங்கள். மாறாத ஒரு பொருள் அதில் இருக்க வேண்டும். சோகத்தைக் குறிக்கும் சொல் எதுவும் வரக் கூடாது.

கேள்வி: எழுத்தே தெரியாத பெரியவர்களுக்குக் கவிதை நடத்த முடியுமா?

அவர்களிடம் கவிதை ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் ஒரு பாட்டிக்குத் தாலாட்டு தெரிந்தால் பாடச் சொல்லி, அவர் சொன்னபடியே எழுதி, அதையே முதல் வாசிப்புப் பாடமாகக் கொடுங்கள். அடுத்த சொல் என்ன என்பது அவர் நாவில் இருக்கிறது. அதனால் எழுத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ‘ரெண்டு’ என்றால் ‘ரெண்டு’ என்றே எழுதுங்கள், தயவுசெய்து திருத்தாதீர்கள். ஒப்பாரியை மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டாம், அதன் பின்னால் ஒரு சாவு இருக்கும். அவர்களே பாடினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் பாதிப் பேருக்குத் தாய்மொழி வேறு. அவர்கள் பின்தங்கிவிடுகிறார்களே?

ஒருநாள் அவர்களை முன்னே நிறுத்துங்கள். ஆளுக்கொரு பாட்டைத் தங்கள் மொழியில் சொல்லட்டும், மற்றவர்கள் பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் கேட்கட்டும். தமிழ்ப் பாட்டை இந்தப் பிள்ளைகள் கேட்பதும் அப்படித்தான் என்பது மற்றவர்களுக்கு அன்றைக்குப் புரியும்.

கேள்வி: யாப்பிலக்கணம் இந்தக் காலத்துக்குத் தேவையா?

தேவைதான், ஆனால் சூத்திரத்தில் தொடங்க வேண்டாம். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்ற குறளைச் சீர் சீராக நிறுத்தி வாசித்தால், முதல் அடியில் நாலு, அடுத்ததில் மூன்று என்று மாணவர்களே ஏழு சீரையும் எண்ணிவிடுவார்கள். அப்புறம் ‘தக’ இருக்கும் இடத்தில் ‘தகுந்தாற்போல்’ என்று வாசித்துக் காட்டுங்கள். குறள் முடியாமல் தொங்குவது காதுக்கே கேட்கும். குறளின் கடைசிச் சீர் எப்படி முடியலாம் என்று காட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டைச் சொல்ல அதுதான் நேரம். ‘தக’ அதில் மலர்.

கேள்வி: மாணவர் எழுதிய கவிதை சுமார்தான் என்றால் எப்படிச் சொல்வது?

உயிருள்ள ஒரு வரியாவது இருக்கும். அதன் கீழே கோடு போட்டு, ‘இது எங்கே பார்த்தது?’ என்று கேளுங்கள். பார்த்ததை அவர் விவரிக்கும்போது, கவிதையில் விட்டுப்போன நல்ல சொற்கள் பேச்சில் வந்து விழும். அவற்றைக் குறித்துக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.