ஹனோய் கோழி ஃபோ சுங்கை சிப்புட்டில் வருமா?

கேள்வி: போன ஆண்டுக் கடைசியில் மகள் என்னை வியட்நாமுக்குக் கூட்டிப்போனாள். ஹனோயில் ஒரு சந்து முனையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோழி ஃபோ, அதாவது அந்த ஊர் அரிசி நூடுல்ஸ் சூப், சாப்பிட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் பசியாற அங்கேதான் போனோம். வீட்டுக்கு வந்து நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். இஞ்சி பூண்டு அரைத்து, பட்டை, அன்னாசிப்பூவை எண்ணெயில் வதக்கி, கோழியைப் போட்டு குக்கரில் நான்கு விசில். கோயித்தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ்) மேல் ஊற்றிக் கொடுத்தால், நல்ல கோழி சூப் என்கிறார் வீட்டுக்காரர். சூப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை. கலங்கலாக, கனமாக வருகிறது. எங்கே தவறு?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கைப்பக்குவம்தான் இங்கே குறுக்கே நிற்கிறது. நமக்கு வாசனை என்றால் எண்ணெய் காய வேண்டும், பட்டை பொரிய வேண்டும். கோழி ஃபோவில் தாளிப்பே கிடையாது. அங்கே வாசனை நெருப்பில் சுடுவதிலிருந்து வருகிறது. இரண்டு பெரிய வெங்காயத்தையும் ஒரு கைப்பிடி நீள இஞ்சியையும் தோலோடு கேஸ் அடுப்பின் தீயிலேயே வையுங்கள், விறகடுப்பு இருந்தால் தணலில் புதைத்துவிடுங்கள், தோட்டத்து வீட்டில் மரவள்ளிக்கிழங்கு சுட்ட மாதிரிதான். மேலே கருகி, உள்ளே இனிப்பாக இளகி வர வேண்டும். கருகிய தோலைச் சுரண்டிக் கழுவிவிட்டு முழுசாகவே தண்ணீரில் போடுங்கள். அரைத்தால் அந்த நிமிடமே நம்ம ஊர் சூப் ஆகிவிடும். பூண்டு வேண்டாம்.

கலங்கலுக்குக் காரணம் குக்கர். விசில் வர வர உள்ளே தண்ணீர் புரண்டு கொதிக்கிறது, அந்தப் புரட்டலில் கோழிக் கொழுப்பு பொடிப் பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், அப்புறம் எவ்வளவு வடிகட்டினாலும் தெளியாது. ஒன்றரைக் கிலோ கம்பத்துக் கோழியை (நாட்டுக்கோழி) முதலில் கொதிதண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ரத்தமும் அழுக்கும் போய்விடும். பிறகு மூன்று லிட்டர் புதுத் தண்ணீர், திறந்த சட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி விடுகிற அளவுக்குத்தான் தீ. முக்கால் மணி நேரம் கழித்து கோழியைத் தொட்டுப் பாருங்கள், வெந்திருந்தால் எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தோல் இறுகி, சதை வழவழவென்று நிற்கும். சதையைப் பிரித்துவிட்டு எலும்பைத் திரும்பச் சட்டியில் போட்டு இன்னும் இரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் இது வராது அக்கா.

மசாலா விஷயத்தில் கையை அடக்க வேண்டும். ஃபோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் வந்த சாப்பாடு, முதலில் மாட்டெலும்பில்தான். 1939 வாக்கில் ஹனோயில் வாரத்துக்கு இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்காமல் போனபோது கோழியைப் போட ஆரம்பித்தார்கள் என்பார்கள். மாட்டெலும்பின் கனத்துக்குப் போடுகிற மசாலா கோழியை அமுக்கிவிடும். ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, இரண்டு அன்னாசிப்பூ, விரல் நீளப் பட்டை, அவ்வளவு போதும். வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் போட்டு எடுங்கள். கடையில் விற்கும் சூப் மசாலாப் பொட்டலத்தை மறந்துவிடுங்கள், அதில் சோம்பும் சீரகமும் இருக்கும்.

உப்போடு மூன்று நான்கு கரண்டி மீன் சோஸ், ஒரு சின்னக் கட்டி கற்கண்டு. மீன் சோஸ் நெத்திலியையும் உப்பையும் ஒரு வருடம் போல ஊறவைத்து வடித்தது, பாட்டிலைத் திறந்து மோந்தால் பயமாக இருக்கும், சூப்பில் அந்த நாற்றம் நிற்காது. கிளந்தானில் செய்கிற 'பூடு' என்ற மீன் சோஸை ஊற்றிவிடாதீர்கள், அது வேறு.

கோயித்தியாவுக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், ஈப்போ பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கத்து மெல்லிய கோயித்தியாவ் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் ஒட்டாமல் இருக்க அதில் எண்ணெய் தடவியிருப்பார்கள். கொதிதண்ணீரில் அலசாமல் போட்டால் அந்த எண்ணெய் வாடை இத்தனை பாடுபட்ட சூப்பைக் கெடுத்துவிடும்.

கடைசியாக, நீங்கள் அங்கே சாப்பிட்டு இங்கே தேடுவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: எலுமிச்சை வகை இலை. ஹனோயில் கோழி ஃபோவின் மேல் அதை மயிரிழையாக அரிந்து தூவுவார்கள். உங்கள் வீட்டுப் பின்னால் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் லீமாவ் பூரூட் மரம் நிச்சயம் இருக்கும். நடு நரம்பைக் கிழித்துவிட்டு, இலையைச் சுருட்டி மெல்லியதாக அரிந்து, சூடான சூப்பை ஊற்றியதும் ஒரு சிட்டிகை போடுங்கள், கூட வெங்காயத் தாளும் கொத்தமல்லித் தழையும். தவ்கே (முளைவிட்ட பயறு), துளசி மாதிரி இலை எல்லாம் தெற்கே சைகோன் பக்கத்துப் பழக்கம், நீங்கள் சாப்பிட்டதில் அது இருந்திருக்காது.

கேள்வி: எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். ஃபோவை சைவமாகச் செய்யலாமா?
- ஒரு வாசகர், தாப்பா

பதில்: தாராளமாக. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம்தான், அன்றைக்கு சைவ ஃபோ விற்கும் கடைகளும் உண்டு. வெள்ளை முள்ளங்கி, காரட், செங்குவாங் கிழங்கு, ஊறவைத்த காய்ந்த காளான், இவற்றோடு சுட்ட வெங்காயமும் இஞ்சியும். ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் காய்கறி கரைந்து சூப் கலங்கிவிடும். மீன் சோஸுக்குப் பதில் உப்பைப் பிரதானமாக வைத்து, கிச்சாப் மாசின் (உப்புச் சுவையுள்ள சோயா சோஸ்) இரண்டு கரண்டி மட்டும்.