கேள்வி – பதில்: 309 எத்தனை மணிக்கு வரும்?

கேள்வி: யூடியூபில் ஒரு வயதானவர் கை நடுங்க 'ஹர்ட்' என்று ஒரு பாட்டுப் பாடுகிறார். பாதி வார்த்தை புரியவில்லை, ஆனாலும் அழுதுவிட்டேன். யார் அவர்? அவருக்கு அப்படி என்ன சோகம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவர் ஜானி கேஷ். ஆர்கன்ஸா மாநிலத்துப் பருத்திக் காட்டில் வளர்ந்து, அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பெரிய தலைகளில் ஒருவராக ஆனவர். ஆனால் நீங்கள் கேட்டு அழுத பாட்டு அவர் எழுதியதே இல்லை. நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் எழுதி 1994ல் வெளியிட்டது அது. போதையும் தன் மேலேயே வெறுப்புமாகத் திரியும் ஓர் இளைஞனின் புலம்பல். எட்டு வருஷம் கழித்து, எழுபது வயதில், கேஷ் அதை எடுத்துப் பாடினார். கெட்ட வார்த்தை ஒன்று இருந்த இடத்தில் 'முள்' என்று போட்டுக்கொண்டு அதை முள்கிரீடம் ஆக்கினார், மற்றதை அநேகமாக அப்படியே விட்டுவிட்டார். ஆனால் தெரிந்தவர்களெல்லாம் கடைசியில் போய்விடுகிறார்கள் என்று இருபத்தெட்டு வயதுக்காரன் சொன்னால் காதல் தோல்வி என்று நினைப்போம், எழுபது வயதுக்காரர் சொன்னால் அவர் போய்வந்த சாவு வீடுகள் நமக்குத் தெரிகின்றன. கேஷ் பாடியதைப் பார்த்த பிறகு, இனி அது என் பாட்டு இல்லை என்று ரெஸ்னரே சொல்லிவிட்டார்.

அந்தக் காணொளியை இன்னொரு தடவை, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பாருங்கள். டென்னஸியில் ஹெண்டர்சன்வில் என்ற ஊரில் கேஷின் சொந்த வீட்டிலும், அவர் பெயரில் நடந்து பூட்டிக் கிடந்த அருங்காட்சியகத்திலும் எடுத்தது. விருந்துச் சாப்பாடு பரப்பிய மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் கோப்பையிலிருந்து ஒயினை அப்படியே மேஜை மேல் ஊற்றுவார், கை ஆடும். பின்னால் மாடிப்படியில் ஓர் அம்மா நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர் மனைவி ஜூன் கார்ட்டர், அவரும் பாடகிதான். பார்க்கிற எல்லோரும் கேஷுக்காகப் பயந்தார்கள், முதலில் போனது ஜூன், 2003 மே மாதத்தில். கேஷ் செப்டம்பர் 12 அன்று.

கேள்வி: வயசானால் எல்லாப் பாடகரும் பக்திப் பாட்டுக்குப் போவார்கள். இவர்கள் ஏன் சாவைப் பிடித்துக்கொள்கிறார்கள்? விற்பனைத் தந்திரமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் விற்பனையும் இருக்கலாம், இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இவர்கள் வயதான பிறகு சாவைப் பிடித்துக்கொண்டவர்கள் இல்லை. கன்ட்ரி இசையின் ஆரம்பமே அங்கேதான் இருக்கிறது. மலைக்கிராமத்துத் தேவாலயப் பாட்டு, ரயில் கவிழ்ந்த கதை, கொலைக் கதை, அம்மாவின் சவ வண்டி போகிற பாட்டு, இதெல்லாம் கலந்து வந்ததுதான் அது. ஹேங்க் வில்லியம்ஸ் இந்த உலகத்தை விட்டு உயிரோடு போகப்போவதில்லை என்று கிண்டலாக ஒரு பாட்டுப் பாடி, அது வெளிவந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே 1953 ஜனவரி முதல் தேதி காரின் பின் சீட்டில் செத்துக் கிடந்தார். வயது 29. அதனால் பாட்டு அதேதான், பாடுகிறவர் அதற்குக் கிட்டே வந்துவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊர் ஒப்பாரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இருக்கிறவர்கள் போனவருக்காகப் பாடுவது, இங்கே போகப்போகிறவரே பாடுகிறார்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரால்ஃப் ஸ்டான்லி. வர்ஜீனியா மலைக்காரர், பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசித்தே பெயர் வாங்கியவர். 2000ல் வந்த ஒரு படத்துக்காக 'ஓ டெத்' என்ற பழைய பாட்டைப் பாடக் கூப்பிட்டார்கள். பாஞ்சோவே வேண்டாம், எங்கள் சர்ச்சில் பாடுகிற மாதிரி வெறும் குரலில் பாடுகிறேன் என்றார். மரணமே, இன்னும் ஒரே ஒரு வருஷம் விட்டுவை என்று கெஞ்சுகிற பாட்டு. கரகரத்த கிழட்டுக் குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லை, ராத்திரியில் தனியாகக் கேட்காதீர்கள். 75வது வயதில் அதற்குக் கிராமி கிடைத்தது. ஒரு வருஷம் கேட்டவருக்கு மரணம் தாராளமாகவே நடந்துகொண்டது, 2016 வரைக்கும் இருந்தார்.

கேள்வி: மறதி நோய் வந்த ஒரு பாடகர் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார் என்று படித்தேன். குடும்பத்தார் அவரை வைத்துக் காசு பார்த்ததாக எனக்குத் தோன்றுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: க்ளென் கேம்பெலைச் சொல்கிறீர்கள். அல்சைமர் என்று 2011ல் தாமே அறிவித்துவிட்டு, விடைபெறும் பயணம் என்று பெயர் வைத்து நூற்றைம்பது கச்சேரிக்கு மேல் செய்தார். எனக்கும் முதலில் உங்கள் சந்தேகம்தான். பாட்டின் வரிகள் முன்னால் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் சில சமயம் தவறவிடுவார். குழுவில் அவர் பிள்ளைகளே மூன்று பேர் வாசித்தார்கள், அப்பா தடுமாறுகிற இடத்தில் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் கிடார் தனியாக வாசிக்கும் இடம் வந்துவிட்டால் விரல்கள் பாட்டுக்கு ஓடும், அதில் நோய் தெரியாது. அதைப் பார்த்த பிறகு, இவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால்தான் பாவம் என்று நினைத்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக அவர் பதிவு செய்த பாட்டின் தலைப்புக்கு 'நான் உன்னை நினைத்து ஏங்கப் போவதில்லை' என்று அர்த்தம். மனைவியைப் பார்த்துப் பாடுவது. கேட்க என்னவோ கல்நெஞ்சுக்காரன் பேச்சு மாதிரி இருக்கும். உன்னையே மறந்துவிடப் போகிறேன், அதனால் இந்த வலி எனக்கு இருக்காது, உனக்குத்தான் இருக்கும் என்பதுதான் விஷயம். கண்ணீர் விடுகிற மாதிரி ஒரு வரி கூடக் கிடையாது, இருந்திருந்தால் இந்த அளவுக்கு உறைத்திருக்காது. 2017 ஆகஸ்ட்டில் இறந்தார்.

கேள்வி: இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் மனசு கனத்துப் போகாதா? சிரிக்கிறவர் யாரும் இல்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வில்லி நெல்சன் இருக்கிறாரே! 1933ல் பிறந்தவர். அவர் இறந்துவிட்டதாக இணையத்தில் அடிக்கடி புரளி கிளம்பும், அதையே எடுத்து, காலையில் எழுந்தேன், இன்றைக்கும் சாகவில்லை என்று 2017ல் ஒரு பாட்டுப் போட்டார். பாட்டு எழுதிய விதம் இன்னும் வேடிக்கை, அவரும் தயாரிப்பாளர் பட்டி கேனனும் செல்போனில் மாறி மாறி வரிகளை மெசேஜ் அனுப்பித்தான் அந்தச் சமயத்துப் பாட்டுகளை எழுதினார்கள். அடுத்த வருஷமே 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்'. கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், கடைசி ஆளாக நிற்க எனக்கு ஆசையில்லை என்று தொடங்கி, அப்புறம் யோசித்துப் பார்த்தால் ஆசை இருக்கத்தான் செய்கிறது என்று கவிழ்த்துவிடுவார். கேஷ், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன், வில்லி என்று நால்வராக 'ஹைவேமென்' என்ற பெயரில் பாடிய கூட்டணியில், 2024 செப்டம்பரில் கிரிஸ்டாஃபர்சனும் போனதும் வில்லி மட்டும்தான் மிச்சம்.

அவருடைய கிடாரைக் கவனித்திருக்கிறீர்களா? பெயர் ட்ரிகர். 1969ல் வாங்கியது. நைலான் தந்தி போட்ட, விரலால் வாசிக்க வேண்டிய கிடார், அதை இத்தனை வருஷமும் பிக் என்கிற சின்ன வில்லையை வைத்துச் சுரண்டிச் சுரண்டி, இருக்கிற துளைக்குப் பக்கத்தில் பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. புதுசு வாங்க மாட்டார், பழுது பார்த்துப் பார்த்து அதையே வாசிக்கிறார். ட்ரிகர் போனால் நானும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

கேள்வி: சரி, ஒன்றே ஒன்று கேட்பதானால் எதைக் கேட்க?
– வாசகர், சேலம்

பதில்: ஒன்று போதாது, இரண்டு கேளுங்கள். இரண்டும் ஜானி கேஷ், சேர்த்தும் பத்து நிமிஷம் ஆகாது. 'ஹர்ட்' வேண்டாம். அதன் புகழில் அவர் எந்நேரமும் அழுத முகத்தோடு இருந்த ஆள் என்றே உலகம் நம்பிவிட்டது, இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல்.

முதலாவது 'ஹே போர்ட்டர்', 1955, அவருடைய முதல் இசைத்தட்டு. ரயிலில் ஊருக்குத் திரும்புகிற பையன், டென்னஸி எப்போது வரும், இன்னும் எவ்வளவு நேரம் என்று போர்ட்டரைப் போட்டுப் பிய்த்து எடுக்கிறான். இரண்டாவது 'லைக் தி 309', அவர் கடைசியாக எழுதிய பாட்டு, இறந்து மூன்று வருஷம் கழித்து 2006ல் வெளிவந்தது. இதிலும் ரயில்தான். 'டாக்டர் சாவு' என்பவரைப் போய்ப் பார்க்க இன்னும் நாளிருக்கிறது என்று ஆரம்பித்து, குளிக்கத் தண்ணீர் எடுத்து வை, முற்றத்தைப் பெருக்கு, ஸ்டேஷனில் படுக்க வைத்துத் தலைக்கு ஃபேன் போடு, எல்லோரும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அப்புறம் என் பெட்டியை 309ல் ஏற்றுங்கள் என்கிறார். பெட்டி என்றால் எந்தப் பெட்டி என்று உங்களுக்கே தெரியும். நடுவில் ஆஸ்துமா வேறு அந்த ரயில் மாதிரியே இரைந்துகொண்டு வருகிறதாம், அதைப் பாடும்போது அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்குகிறது, நிறுத்தாமல் பாடிக்கொண்டே போகிறார்.