டீக்கடையில் நடக்கும் கூட்டம்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊரில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாசகர் வட்டம் கூடுகிறது. ரஷ்ய இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர், மொழிபெயர்ப்பாளர், சிறுபத்திரிகை நடத்தியவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். குடும்பப் பெண்கள் மூவரும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது மூவருமே வருவதில்லை. யாரும் அவர்களை ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. ஒருவர் நாவலைப் பற்றிப் பேசும்போது தடுமாறியபோதுகூட, எங்கள் மூத்த நண்பர் “தங்கை சொல்ல வருவது என்னவென்றால்” என்று எடுத்துக்கொடுத்து உதவினார். மார்ச் மாதம் பெண் எழுத்து பற்றித் தனி அமர்வும் வைத்தோம். பெரியாரைப் படித்தவர்கள் நாங்கள். வீட்டுச் சூழல்தான் அவர்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

அவர்கள் வராததைக் கவனித்து, ஏன் என்று கேட்கத் தோன்றியதே, அதற்கு நன்றி. பல வட்டங்களில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் காரணத்தை அவர்கள் வீட்டில் தேடுவதற்கு முன்னால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆண்கள் ஒவ்வொருவரும் என்ன படித்தார், என்ன செய்தார் என்று சொல்கிறீர்கள். பெண்களிடம் வந்ததும் ‘குடும்பப் பெண்கள்’ என்பதோடு முடித்துவிட்டீர்கள். அவர்கள் எதைப் படிக்கிறார்கள், எந்த எழுத்தாளருக்காகச் சண்டை போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இத்தனை மாதம் கூடவே உட்கார்ந்திருந்தவர்கள்!

“தங்கை சொல்ல வருவது என்னவென்றால்” என்ற அந்த உதவி எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் பேசியதைத்தான் அவர் சொல்லியிருப்பார், கொஞ்சம் உரத்த குரலில். அதற்குப் பிறகு பேசியவர்கள் எல்லோரும் “ஐயா குறிப்பிட்டதுபோல” என்று தொடங்கியிருப்பார்கள். கருத்து கைமாறிவிட்டது. மூத்த நண்பர் யோசித்து யோசித்துப் பேசும்போது நீங்கள் மௌனமாகக் காத்திருப்பீர்கள், இல்லையா? அந்தக் காத்திருப்பு அவளுக்கும் சேர வேண்டியது.

படித்தவர்கள் என்பதை ஒரு காப்பாகச் சொல்கிறீர்கள். 1933ஆம் ஆண்டு, பம்பாயில் பட்டப்படிப்பில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத் (பின்னாளில் உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி) பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் அவரை மறுத்தவர் அப்போது இயக்குநராக இருந்த சர் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கமலா விடாமல் வாதாடியபின், ஓராண்டு தகுதிகாண் பருவம் என்றும், ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் காரணமாக இருக்கக் கூடாது என்றும் நிபந்தனை போட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். முதுமையிலும் அந்த அவமதிப்பை அவர் மறக்கவில்லை. ஒளிச்சிதறலை அவ்வளவு நுட்பமாகக் கண்ட ராமனின் கண்களுக்கு எதிரே நின்ற மாணவி தெரியவில்லை. பெரியாரைப் படித்ததும் அப்படித்தான். படித்தது தானாகவே நடத்தைக்கு வந்துவிடாது.

இன்னொன்று கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் என்ன செய்கிறீர்கள்? டீக்கடைக்குப் போவீர்கள். பத்து மணி, பத்தரை வரை பேசுவீர்கள். அடுத்த நாவல் எது, யாரைப் பேச அழைப்பது, யாருடைய தொகுப்புக்கு யார் மதிப்புரை எழுதுவது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த மூவரும் அப்போது பஸ் நிலையத்தில் நின்றிருப்பார்கள். டி.என்.ஏ. ஆய்வுக்குப் பெயர்பெற்ற அறிவியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே ஆண் ஆய்வாளர்கள் சேர்ந்து உண்ணும் ஓய்வறை ஒன்றில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. ஆய்வகத்துக்குள் அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆய்வைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளும் இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. உங்கள் டீக்கடைக்குக் கதவே கிடையாது என்பீர்கள். இரவு பத்து மணிக்குக் கதவு தேவையில்லை, தம்பி. இப்படிச் சேரும் நட்பிலிருந்துதான் மதிப்புரையும் தொகைநூலும் விருதுக் குழுவும் உருவாகின்றன. தமிழுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1955 முதல் வழங்கப்படுகிறது. 2024 வரை அதைப் பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை ஆகிய நால்வர் மட்டுமே.

வீட்டுச் சூழல் என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. உங்கள் வீட்டுச் சூழலையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் தோசைக்கல் முன்னால் யார் நிற்கிறார்கள்? பிள்ளைக்கு யார் வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறார்கள்? பத்தரைக்குத் திரும்பும்போது உங்களுக்காக மூடிவைத்த தட்டு இருக்கும். அந்த மூவருக்கும் அப்படி ஒரு தட்டு இருந்ததா? உங்கள் வட்டத்து ஆண்களின் வாசிப்பு முழுக்க இன்னொருவருடைய நேரத்தில் நடந்திருக்கிறது. அதை ஒருநாளாவது உங்கள் கூட்டத்தில் பேசியிருக்கிறீர்களா?

கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். அடுத்த நூலைக் கூட்டத்திலேயே, எல்லோரும் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். மூவரையும் தனித்தனியே அழைத்து ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள். ஒருவர் வர விரும்பினால் அடுத்த மாத முதல் உரையை அவரிடம் கொடுங்கள். தலைப்பை அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா