விலை ஏறுகிறது, யார் ஏற்றுகிறார்கள்?

விலைவாசியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, மீதி திட்டு. திட்டுகளை பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடைக்குப் போனால் ஒரு பொருள்கூட விலை குறையவில்லை. பொய்தானே?

பொய் இல்லை, ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். பணவீக்கம் என்றால் விலை இல்லை, விலை ஏறுகிற வேகம். ஒரு கூடை சாமான் போன வருடம் 100, இந்த வருடம் 108 என்றால் பணவீக்கம் 8 சதவீதம். அடுத்த வருடம் அதே கூடை 111 ஆனால் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும், செய்தியில் ‘சரிவு’ என்பார்கள், நீங்களோ பழைய 100-க்கு மேல் 11 கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் ஏறிய 8 எங்கேயும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படியில் மெதுவாக ஏறுகிறவரும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறார்?

இன்னொன்று, அந்தக் கூடை உங்களுடையது இல்லை. நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கெடுத்து, அந்த விகிதத்தில் விலைகளைக் கூட்டிப் பார்ப்பது. அந்தச் சராசரிக் குடும்பம் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கொடுக்கிறவருக்கு அந்த இரண்டும் ஏறினால் அதுதான் பணவீக்கம், மற்றதெல்லாம் நாளிதழில் வரும் எண். சோப்புக்கட்டி அதே விலையில் இளைத்துப்போவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பலர் கோபமாக எழுதியிருந்தீர்கள். எடை குறைந்தால் அதையும் விலையேற்றமாகத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது புள்ளிவிவரத் துறைகளின் முறை. ஆக அந்தக் கோபத்தைத் தயாரிப்பாளர் பக்கம் திருப்பலாம்.

கேள்வி: அரசே பணம் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் வறுமை போய்விடுமே?

பணத்தோடு சாமானையும் சேர்த்து அச்சடிக்க முடிந்தால் போய்விடும்.

முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரு டாலருக்கு 4.2 ஜெர்மன் மார்க். 1923 நவம்பரில் அதே ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஹங்கேரியில் நிலைமை இதைவிட மோசம், 1946 ஜூலையில் அங்கே சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை விலைகள் இரட்டிப்பாயின, ஒன்றுக்குப் பின்னால் இருபது பூஜ்ஜியம் போட்ட மதிப்புக்கு நோட்டு வந்தது. காலையில் வாங்கிய சம்பளத்தை ராத்திரி வரை பையில் வைத்திருந்தால் பாதி போய்விடும் என்ற நிலை. இரண்டு நாடுகளிலும் போரில் உற்பத்தி நொறுங்கி, வரி வருமானம் செலவுக்குப் பக்கத்தில்கூட வராதபோதுதான் அரசுகள் அச்சு இயந்திரத்தைப் பிடித்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விலையேற்றத்துக்கும் நோட்டு அச்சகத்தைக் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். இன்றைக்குப் புழங்கும் பணத்தில் பெரும்பகுதி காகிதமே இல்லை, வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் கணக்கில் எழுதுகிற எண்தான் அது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி மலைபோல் பணத்தை உருவாக்கியது, அடுத்த பத்து வருடம் அங்கே கடைவிலைகள் வருடத்துக்குச் சராசரியாக 2 சதவீதம்கூட ஏறவில்லை. உருவான பணத்தில் நிறைய வங்கிகளின் கையிருப்பாகவே தூங்கியது. பணம் இருந்தால் மட்டும் போதாது, அது வெளியே வந்து ஒரே சாமானை நாலு பேர் சார்பில் கேட்க வேண்டும், அப்போதுதான் விலை நகரும்.

கேள்வி: கடைக்காரரைக் கேட்டால் மொத்த வியாபாரியைக் காட்டுகிறார், அவர் லாரி வாடகையைக் காட்டுகிறார், லாரிக்காரர் டீசலைக் காட்டுகிறார். உண்மையில் யார்தான் ஏற்றுகிறார்கள்?

எல்லாருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். உங்கள் செலவு இன்னொருவருடைய வருமானம், அவருடைய செலவு வேறொருவருடைய வருமானம். இந்தச் சங்கிலியில் எங்கே இழுத்தாலும் மற்ற கண்ணிகள் கொஞ்சம் கழித்து அசையும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலருக்குப் பக்கத்தில் போனது. எண்ணெயில் ஓடுவது வண்டி மட்டும் இல்லையே, உரம், பிளாஸ்டிக், மின்சாரம், கப்பல் என்று ஒவ்வொன்றாகத் தொற்றியது.

சரி, எண்ணெய் ஒரு தடவை ஏறியது, விலைகளும் ஒரு தடவை ஏறி நின்றுவிட வேண்டியதுதானே? நிற்காது. ஏனென்றால் போன வருடம் 10 சதவீதம் ஏறியதைப் பார்த்த தொழிலாளி இந்த வருடம் 10 சதவீதம் சம்பள உயர்வு கேட்பார், அது நியாயம். கொடுத்த முதலாளி அதை விலையில் சேர்ப்பார், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். ஆரம்பத்தில் எது காரணமாக இருந்ததோ அது மறைந்துபோயிருக்கும், ஆனால் ‘எப்படியும் ஏறத்தான் போகிறது, நாம் முந்திக்கொள்வோம்’ என்ற நினைப்பே அடுத்த ஏற்றத்துக்குக் காரணமாகிவிடும். என்னைக் கேட்டால் விலையேற்றத்தில் கடினமான பகுதி இதுதான். பணத்தைக் குறைக்கலாம், எண்ணெய்கூட ஒருநாள் இறங்கும், ஆனால் ஆளாளுக்கு மனசில் போட்டு வைத்திருக்கும் கணக்கை எப்படி அழிப்பது?

பிரேசில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1980-களிலிருந்து அங்கே விலை தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்தது. 1986-இல் விலைகளை அப்படியே உறைய வைத்துப் பார்த்தார்கள், கடைகள் காலியானதுதான் மிச்சம். 1994 மார்ச்சில் சில பொருளாதார அறிஞர்களின் யோசனைப்படி ‘யூ.ஆர்.வி.’ என்ற ஒரு கணக்கு அலகைக் கொண்டுவந்தார்கள். அது நோட்டும் இல்லை, நாணயமும் இல்லை, வெறும் அளவுகோல். ஏறத்தாழ ஒரு டாலர் மதிப்பு. ஒரு யூ.ஆர்.வி. இன்றைக்கு எத்தனை பழைய பணம் என்று தினமும் அறிவிப்பார்கள். சம்பளம், ஒப்பந்தம், விலை என்று ஒவ்வொன்றாக யூ.ஆர்.வி.யில் எழுத ஆரம்பித்தார்கள். கொடுப்பது பழைய நோட்டில்தான், அதில் தொகை தினமும் கூடிக்கொண்டே போகும், ஆனால் யூ.ஆர்.வி. கணக்கில் பார்த்தால் விலை அசையாமல் நிற்கும். நிற்கிற விலையைப் பார்த்து மக்கள் பழகினார்கள். ஜூலை 1-ஆம் தேதி அந்த அலகையே ‘ரியால்’ என்ற புது நாணயமாக வெளியிட்டார்கள். ஜூனில் ஒரு மாதத்திலேயே 47 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஆகஸ்டில் மாதத்துக்கு 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வட்டியை உயர்த்தியதும் அரசுச் செலவைப் பிடித்ததும் கூடவே நடந்தன, மந்திரம் எதுவும் இல்லை. இருந்தாலும் பழக்கத்தை உடைக்க ஒரு பொய்ப் பணம் போதுமானதாக இருந்திருக்கிறது பாருங்கள்.

கம்பெனிகள் சந்தர்ப்பத்தைப் பார்த்து லாபத்தை ஏற்றவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏற்றுகிறார்கள். பேராசை எல்லா வருடமும் ஒரே அளவுதான், எல்லா விலையும் நகரும்போது ஒருவர் கொஞ்சம் அதிகமாக நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று கடுமையாகச் சட்டம் போட்டால் என்ன?

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301-இல் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் வேலைகளுக்கும் உச்ச விலை, மீறினால் மரண தண்டனை. சரக்கு சந்தையை விட்டே மறைந்தது, சட்டம் சில வருடங்களில் செத்துப்போனது. வெள்ளி நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது அவருக்கு முன்னால் இருந்த பேரரசர்கள்தான், தண்டனை மட்டும் வியாபாரிக்கு.

கேள்வி: தொலைக்காட்சியும் கணினியும் மலிவாகிக்கொண்டே வருகின்றன. முடிவெட்டும் கூலி, பள்ளிக் கட்டணம், வைத்தியச் செலவு மட்டும் ஏன் ஏறுகின்றன?

அருமையான கேள்வி. வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களில் இதற்குப் பதில் சொன்னார். அன்றைக்கு ஒரு ஆள் பத்து சாமான் செய்த தொழிற்சாலையில் இன்றைக்கு ஒரு ஆள் நூறு செய்கிறார், அதனால் அவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தும் சாமான் மலிவாகிறது. முடிவெட்ட அன்றைக்கும் இருபது நிமிடம், இன்றைக்கும் இருபது நிமிடம். ஆனால் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு ஈடாக முடிதிருத்துகிறவருக்கும் வருமானம் வராவிட்டால் அவர் கத்தரியை வைத்துவிட்டு அங்கேயே வேலைக்குப் போய்விடுவார். அதனால் கூலி ஏறுகிறது, நிமிடம் குறையவில்லை. ஆசிரியர், நர்ஸ் எல்லாருக்கும் இதே கணக்கு. இதைக் கண்டு நான் பெரிதாக வருத்தப்படுவதில்லை, மனிதர் நேரத்துக்கு மதிப்புக் கூடுவது கெட்ட செய்தியா என்ன?

கேள்வி: வட்டியை ஏற்றினால் விலை எப்படி இறங்கும்? வட்டியும் ஒரு செலவுதானே?

செலவுதான். ஆனால் வட்டி ஏறினால் வீட்டுக் கடன் வாங்க நினைத்தவர் தள்ளிப்போடுவார், தொழிற்சாலையை விரிவாக்க நினைத்தவர் நிறுத்திவைப்பார், வாங்குகிற கைகள் குறையும். அப்புறம் வேலைகளும் குறையும், இதை மட்டும் மேடையில் மெதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1980 மார்ச்சில் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டி 20 சதவீதத்தை எட்டும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தார். 1983-இல் பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. நடுவில், 1982 கடைசியில், வேலையில்லாதோர் விகிதம் 10.8 சதவீதம். மருந்து வேலை செய்தது, கசப்பைக் குடித்தது வேறு ஆட்கள்.

கேள்வி: விலை ஏறாமலே, ஏன் இறங்கிக்கொண்டே இருந்தால் நல்லதுதானே?

வாங்குகிறவராக மட்டும் இருந்தால் நல்லது. அடுத்த மாதம் மலிவாகும் என்றால் யாரும் இன்றைக்கு வாங்க மாட்டார்கள், விற்காத கம்பெனி சம்பளம் ஏற்றாது, கடன் தொகையோ அப்படியே நிற்கும். ஜப்பான் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ரொம்ப வருடம் இதில் சிக்கி, கடைசியில் 2013-இல் 2 சதவீத விலையேற்றம் வேண்டும் என்று இலக்கு வைத்தது! அந்த 2 ஒன்றும் வேதவாக்கு இல்லை. 1990-இல் நியூசிலாந்துதான் முதலில் 0 முதல் 2 வரை என்று ஒரு இலக்கை அறிவித்தது, அதைப் பார்த்து ஒவ்வொரு நாடாகத் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது.

கேள்வி: இருபது வருடமாக ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறேன். ஒரு பைசா குறையவில்லை, ஆனால் குறைந்த மாதிரியே இருக்கிறது. மனப்பிரமையா?

பிரமை இல்லை. 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகும் என்று தோராயமாகக் கிடைக்கும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். அதே வேகத்தில் இருபது வருடம் போனால் உங்கள் 100, அன்றைக்குச் சுமார் 31-க்குக் கிடைத்த சாமானைத்தான் இன்றைக்கு வாங்கும். வட்டி வந்திருந்தாலும் முதலில் அதிலிருந்து பணவீக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

போன 69 காற்றில் போகவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நிலையான வட்டிக்குக் கடன் வாங்கியவர் மதிப்பிழந்த பணத்தில் திருப்பிக் கட்டுகிறார், அவருக்கு லாபம். உலகத்திலேயே பெரிய கடன்காரர்கள் அரசுகள்தான், பில் கொடுக்காமல், சட்டசபையில் வாக்கெடுப்பு நடத்தாமல் வசூலாகிற வரி இது. சம்பளத்தைச் சீக்கிரம் ஏற்றிக்கொள்ள முடிந்தவர் தப்பித்துக்கொள்கிறார், நிலையான ஓய்வூதியத்தில் இருக்கிறவரும் கூலிக்குப் பேரம் பேச முடியாதவரும் வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள். இனிமேல் மாதாமாதம் இவ்வளவு தருகிறோம் என்று யாராவது நீண்டகாலத் திட்டம் ஒன்றை நீட்டினால், அந்தத் தொகை விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறுமா, ஏறாதா என்று கேளுங்கள். ஏறாது என்றால் 72-ஐ வைத்து அங்கேயே ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேனாவைத் திறங்கள்.