கயிறும் ஸ்ட்ரெச்சரும்: மலை மீட்புப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பாறை ஏறும் டைனமிக் கயிறு கைவசம் இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் இறக்க அது போதாதா?

பதில்: வேண்டாம். விழுபவரைத் தாங்க நீளும்படி செய்த கயிறு அது. பாரம் ஏறினால் ஸ்ட்ரெச்சர் மேலும் கீழும் ஆடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் விளிம்பில் கயிற்றின் உறை தேயும். 11 மி.மீ. ஸ்டேடிக் கயிறு (அதிகம் நீளாதது) இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி ஆங்கர், அதாவது கயிற்றைப் பாறையிலோ மரத்திலோ பிணைக்கும் பிடிமானம்.

கேள்வி: ஆங்கர் கோணத்தில் இத்தனை கெடுபிடி எதற்கு?

பதில்: நோயாளி, கூட இறங்குபவர், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வையுங்கள். ஆங்கரிலிருந்து பிரியும் இரண்டு கால்களுக்கு (பட்டைகளுக்கு) நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 115 கிலோ. 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழு 200 கிலோவைத் தாங்க வேண்டும். ஸ்லிங்கை (அந்தக் கால்களாக அமையும் பட்டையை) நீளமாக்குங்கள், கோணம் தானே குறையும்.

கேள்வி: புரூசிக் (முதன்மைக் கயிற்றைச் சுற்றிக் கட்டும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) சில நேரம் பிடிக்கவே இல்லை. முடிச்சு தப்பா?

பதில்: 8 மி.மீ. சிறு கயிற்றால் முதன்மைக் கயிற்றின் மேல் மூன்று சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் தப்பு கையில். கயிறு திடீரென ஓடும்போது கை தானாக முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது முடிச்சும் கயிற்றோடு சேர்ந்து ஓடும், கடிக்காது. விட்டுவிடத்தான் பழக வேண்டும். மணல் மூட்டையைக் கட்டி, முன்னறிவிப்பில்லாமல் விழவிட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: விளிம்பைத் தாண்டும்போது ஸ்ட்ரெச்சர் தடாலென்று இறங்குகிறதே?

பதில்: அதிகம் பழக வேண்டிய இடமே இதுதான், பலர் ஒரு முறை செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கயிறு தரையோடு தரையாக வந்தால், ஸ்ட்ரெச்சர் விளிம்புக்குக் கீழே போன பிறகுதான் முழு பாரமும் அதில் ஏறும். அதுவரை இருந்த தொய்வு அத்தனையும் ஒரே குலுக்கலாக இறங்கும். முக்காலி (விளிம்பில் நிறுத்தும் மூன்று கால் தாங்கி) இருந்தால் கயிற்றை இடுப்புக்கு மேலே தூக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சர் நகரும் முன்பே நான்கைந்து பேர் கயிற்றை இழுத்து இறுக்கட்டும். பிறகு கூட இறங்குபவர் பின்பக்கம் சாய்ந்து தன் எடையைக் கயிற்றில் ஏற்றட்டும். ஸ்ட்ரெச்சர் அங்குலம் அங்குலமாகத்தான் விளிம்பைத் தாண்ட வேண்டும். விளிம்பில் உரசல் காப்பு (கயிறு பாறையில் தேயாமல் இடையில் வைப்பது) கட்டாயம், அதையும் தனிக் கயிற்றால் கட்டுங்கள். இல்லையென்றால் முதல் இழுப்பிலேயே கீழே போய்விடும்.

கேள்வி: 3:1 புல்லி (இழுக்கும் பலத்தை மூன்று மடங்காக்கும் கப்பி அமைப்பு) போட்டும் ஸ்ட்ரெச்சரை மேலே இழுக்க முடியவில்லை. ஆள் கூட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்ட்ரெச்சர் எங்கோ பாறையில் சிக்கியிருக்கலாம், கூடுதல் பலம் ஆங்கரைப் பிடுங்கும். முதலில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: நோயாளியைக் கட்டும்போது எதை மறக்கிறோம்?

பதில்: காலடித் தாங்கலை. அது இல்லாவிட்டால் சரிவில் உடல் கீழே நழுவி, மார்புப் பட்டை கழுத்துக்கு ஏறும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போடுங்கள், மேலிருந்து சரளை விழுந்தால் அவரால் முகத்தைத் திருப்ப முடியாது.