இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் விழித்திருப்பார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் நடுநிசியில் எழுந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க நேரமாகிவிட்டது" என்று தெருக்கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். நான் ஆசிரியை. தனியாக இனிமேல் சமாளிக்க முடியவில்லை. கும்பகோணத்துக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பழைய அக்ரகார வீட்டைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஏ.சி. அறை, பூஜை அறை, தோட்டம் எல்லாம் உண்டு. மிகவும் சுத்தம், ஒரு சத்தமும் இல்லை. மாதம் 32,000 ரூபாய், அட்வான்ஸ் இரண்டு லட்சம். நம்பிச் சேர்க்கலாமா? பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று ஊர் பேசுமே என்றும் மனம் அடித்துக்கொள்கிறது.
– பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஊர்ப் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள், அம்மா. இரவெல்லாம் கதவுக்குக் காவலிருந்துவிட்டுக் காலையில் வகுப்பெடுக்கப் போகும் உங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அம்மாவுக்குப் பாதுகாப்பான இடம் தேடுவதும் பிள்ளையின் கடமைதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது "ஒரு சத்தமும் இல்லை" என்ற வரி. மறதி நோய் உள்ளவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் வீட்டில் சத்தம் இருக்கும். ஒருவர் பாடுவார், ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார், ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நச்சரிப்பார். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் கட்டிலில் கண்மூடிக் கிடந்தால் காரணம் மாத்திரையாக இருக்கலாம். குயிட்டியாபைன், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் சிலருக்குத் தேவைப்படும்தான். ஆனால் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும் 2008-லும் எச்சரித்துவிட்டது. ஆகவே சேர்க்கும் நாளிலேயே ஒன்றை எழுதி வாங்குங்கள்: புதிதாக எந்தத் தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ தொடங்குவதானால் மருத்துவரின் சீட்டோடு உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை மருந்துப் பட்டியலின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது ஆள். ஏ.சி.யும் தோட்டமும் பார்க்கிற நமக்கு. அம்மாவுக்குத் தேவை பக்கத்தில் ஆள். நீங்கள் கொடுக்கும் 32,000 ரூபாயில் பெரும்பங்கு ஆட்களின் சம்பளத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. பகலில் எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர், அவர்கள் விழித்திருப்பார்களா, அதே அறையில் படுத்துத் தூங்குவார்களா என்று நீங்கள் கேளுங்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் இருக்கும் இல்லத்தில் எட்டுப் பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப் புண் வராமலிருக்க அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். இரவு பத்திலிருந்து காலை ஆறு மணிக்குள் ஆளுக்கு நான்கு முறை என்றாலும் முப்பத்திரண்டு முறை ஆகிறது. டயாபர் மாற்றுவது தனி. கனத்த உடம்பென்றால் இரண்டு பேர் வேண்டும். நடுவில் உங்கள் அம்மா எழுந்து கதவுப் பக்கம் போவார். இத்தனையையும் ஒரே ஓர் ஆயாவால் செய்ய முடியுமா? முடியாதபோது என்ன நடக்கும் என்றால், எழுந்து நடக்கிறவரைக் கட்டிலோடு துணியால் கட்டிப்போடுவார்கள்.

அது குற்றம் என்பதை இல்லத்தாரிடம் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்காதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. வேறு வகையில் கட்டுப்படுத்துவதாக இருந்தாலும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையில், மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தைப் பதிவேட்டில் எழுதித்தான் செய்யலாம். நினைவையும் புத்தித் தெளிவையும் கடுமையாகக் குலைக்கும் கோளாறுகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எனவே "மறதி நோய்ப் பராமரிப்பு" என்று பலகை மாட்டியிருப்பவர்களிடம் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முதியோர் இல்லமாக நடத்துவதற்கான பதிவு பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலரிடம் விசாரிக்கலாம். சான்றிதழை நேரில் பார்த்து, பெயர், முகவரி, காலாவதித் தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துகொண்டே இருக்கிறது" என்ற பதிலுக்கு நான் இரண்டு லட்சம் கொடுக்கமாட்டேன்.

அக்ரகார வீடு என்றீர்கள். திண்ணையிலிருந்து தெருவுக்கு எத்தனை படி, நிலைப்படி எவ்வளவு உயரம், முற்றத்தில் மழைநீர் தேங்கி வழுக்குமா, கொல்லையில் கிணறு இருந்தால் அதற்கு இரும்பு மூடி உண்டா என்று பாருங்கள். கொல்லைக் கதவுக்கு வெளியே வாய்க்காலோ குளமோ இருக்கிறதா? நம் பக்கத்தில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "ஆற்றங்கரையோரம், அமைதியான சூழல்" என்று விளம்பரம் செய்கிறார்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், நடுநிசியில் பள்ளிக்கூடம் தேடிப் புறப்படும் ஒருவருக்கு அந்தக் கரையைவிடப் பெரிய ஆபத்து இல்லை. கதவு திறந்தால் மணி அடிக்கும் ஏற்பாடு இருக்கிறதா, யாராவது காணாமல் போனால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வர வேண்டும். யோசித்துச் சொன்னால் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று பொருள்.

கும்பகோணத்தில் தீயைப் பற்றிப் பேசாமல் எந்தக் கட்டடத்தையும் மதிப்பிட முடியாது. 2004 ஜூலை 16-ல் கீற்றுக் கூரையும் குறுகலான மாடிப்படியும் 94 குழந்தைகளைப் பலிகொண்ட ஊர் அது. சமையலறைக்கு மேல் கீற்றுக் கொட்டகை இருக்கிறதா? நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருக்கிறார்களா? இரவில் பூட்டும் கதவின் சாவி யாரிடம் இருக்கும்? அம்மா வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் விழித்திருக்கும் ஒருவரின் இடுப்பில் அந்தச் சாவி இருக்க வேண்டும். கூடவே, "கஜா புயல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர், டீசல், குடிநீர், மருந்து இருப்பு, வீட்டுக்குப் போக முடியாமல் தங்கிய ஊழியர்களுக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒருவர் விவரமாகச் சொல்கிறார் என்றால் அவருக்கு இல்லம் நடத்தத் தெரியும். அதற்குப் பிறகு தொடங்கிய இல்லமென்றால், வரப்போகும் ஐப்பசி, கார்த்திகைக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

நல்ல இல்லம் உங்களிடமும் கேள்வி கேட்கும். அம்மா எத்தனை மணிக்கு எழுவார், காபியா கஞ்சியா, என்ன பாட்டு பிடிக்கும், குளிக்க அடம்பிடிப்பாரா, எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்றெல்லாம் விசாரிக்கும். சோறு வடிக்கப் புறப்படும் ஒருவரை "பள்ளிக்கூடம் இல்லை, போய்ப் படு" என்று அதட்டுகிற இடமும் உண்டு. ஒரு முறம் கீரையை முன்னால் வைத்து, "இதை ஆய்ந்து கொடுங்கள் அம்மா, பிள்ளைகள் வந்துவிடுவார்கள்" என்று உட்காரவைக்கிற இடமும் உண்டு. இரண்டாவது இடத்தில் சுவர்ப் பூச்சு உதிர்ந்திருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கே உங்கள் அம்மாவை அம்மாவாக நடத்துகிறார்கள்.

மறுபடியும் போய்ப் பாருங்கள், சொல்லாமல் போங்கள். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை. இந்த நோயில் பலருக்குப் பொழுது சாய்கிற நேரத்தில்தான் பதற்றம் ஏறும். ஊழியர்களின் பொறுமை அப்போது தெரியும். இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, படுத்தவாக்கில் வாயில் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். வாசலிலேயே நிறுத்தி "பார்வை நேரம் முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் அந்த இடம் வேண்டாம். பாபநாசத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம் என்பது உங்களுக்குப் பெரிய பலம். நினைத்தபோது வந்து நிற்கும் மகள் இருக்கிறாள் என்று தெரிந்தாலே கவனிப்பு கூடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் பதினைந்து நாள் தங்கவைத்துப் பார்க்கிறேன், அதன் பிறகு அட்வான்ஸ் என்று பேசுங்கள். இடம் மாறியதும் முதல் சில வாரங்கள் குழப்பம் கூடவே செய்யும். அதைக் கண்டு பயந்து உடனே அழைத்து வந்துவிடாதீர்கள். டயாபர், மருத்துவர் வருகை, தனி அட்டெண்டர் ஆகியவை 32,000-க்குள் அடங்குமா, வெளியேறினால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், நடுநிசியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் கூட யார் போவார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அம்மாவின் ஓய்வூதியப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் அங்கே விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் செய்யும்போது, ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில் தங்கச் சொல்கிறார்கள். 90,000 ரூபாய் பேக்கேஜ். மருத்துவக் காப்பீட்டில் கிடைக்கும் என்று மையத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– திருவாரூர் வாசகர்

பதில்: காப்பீட்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசியின் விலக்குப் பட்டியலில் ஐந்தாம் எண்ணைப் பாருங்கள். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் பராமரிப்புக்காகவும் தங்கும் செலவு அதில் விலக்கப்பட்டிருக்கும். குளிக்கவைப்பது, உடுத்திவிடுவது, நடக்க உதவுவது ஆகியவற்றுக்கான செலவும் அதில் அடங்கும். உங்கள் பாலிசியில் தனிச் சலுகை இருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே மின்னஞ்சலில் உறுதிசெய்யட்டும். மையத்தாரின் வாய்மொழி செல்லாது.

ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 90,000-க்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பிசியோதெரபி, ஞாயிற்றுக்கிழமை உண்டா, அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சிக்கும் (ஆக்குபேஷனல் தெரபி) பேச்சுப் பயிற்சிக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். "ஒரு மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?" என்றும் கேளுங்கள். "பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை நடப்பார், கையால் சாப்பிடப் பழகுவார்" என்று குறிப்பாகச் சொல்பவர் நோயாளியைச் சோதித்துப் பார்த்தவர். "பழையபடி ஆக்கிவிடுவோம்" என்பவர் விற்பனை செய்கிறார்.

அங்குள்ள வேறொரு நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புவதைக் கவனியுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்பட்டை மூட்டு நழுவும். அந்த வலி பல மாதங்கள் பயிற்சியையே கெடுத்துவிடும். இடுப்பில் பிடித்துத் தூக்குகிறார்கள் என்றால் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. இதைப் பார்ப்பதற்கு உங்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை.

தங்கியே ஆக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அப்பாவை ஆட்டோவில் உட்காரவைத்து அழைத்துப்போக முடியுமானால் அங்கே பிசியோதெரபிக்கு விசாரியுங்கள். 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம். தினமும் வராத ஒருவரால் தினசரிப் பயிற்சியின் இடத்தை நிரப்ப முடியாது என்பதும் உண்மை. ஆகவே ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு வாரம் மையத்தில் வைத்து, அந்த நாட்களில் நீங்களும் கூட இருந்து, தூக்குவதையும் நடக்கவைப்பதையும் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது நல்ல நடுவழி. வீட்டாருக்குக் கற்றுத்தர மறுக்கும் மையமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் இருந்த என் மாமனார் சேர்ந்த ஐந்தாம் மாதம் காலமானார். ஒன்றரை லட்சம் அட்வான்ஸை, "எக்காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது என்று படிவத்தில் இருக்கிறது" என்று சொல்லித் தர மறுக்கிறார்கள்.
– மயிலாடுதுறை வாசகி

பதில்: படிவத்தில் அச்சடித்துவிட்டதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதையும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வகைப்படுத்துகிறது. அந்த அடிப்படையில் ஒப்பந்தத்தையே எதிர்ப்பதானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். பராமரிப்பிலும் குறை இருந்திருந்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இல்லம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்தே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல பாக்கிகள் அந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன. இன்னும் அங்கே இருக்கும் மற்ற முதியவர்களைப் பற்றிக் கவலை இருந்தால், அதை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தனியாகச் சொல்லுங்கள். இல்லத்துக்குச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்), பதினைந்து நாள் கெடு வைத்து, தொகையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அட்வான்ஸ் ரசீது, மாதக் கட்டண ரசீதுகள், இறப்புச் சான்றிதழ், மாமனாரின் வாரிசு என்ற முறையில் உங்கள் கணவரின் கையெழுத்து ஆகியவை தயாராக இருக்கட்டும். புகாரைக் கணவர் பெயரிலேயே கொடுப்பது நல்லது.